தாமதமாக விழும் இடது கை

காலை பத்தரை மணிக்கு அந்த ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். எதிரே ஒருவர் லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் பின்னாலே நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னிடம் விசாரித்தவர்கள் எல்லாரும் மழை பெய்ததா, கரண்ட் போனதா என்றுதான் கேட்டார்கள். மழையும் பெய்யவில்லை, கரண்டும் போகவில்லை.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்காக இருந்தது. உள்ளே ஜன்னல் கிடையாது. வாசல் கதவைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் வெயில் முடிந்துபோனது. எத்தனை முறை கழுவி, பெயிண்ட் அடித்து, சாம்பிராணி போட்டாலும் போகாத ஒரு பழைய மீன் வாடை சுவரிலிருந்து லேசாக வந்துகொண்டிருந்தது.

"வாங்க வாங்க," என்று எழுந்து வந்தார் அதன் சொந்தக்காரர். ஊரே அவரை டீஜே என்றுதான் கூப்பிடும். ஆட வைக்கிற பாட்டுகள் செய்கிறவர். "செத்த டிரம்ஸுக்கு உயிர் கொடுக்கிறவங்கன்னு சொன்னாங்க. நீங்கதானே?"

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

"என் டிரம்ஸ் பொணமா கிடக்குது. எழுப்பி விட்டீங்கன்னா போதும்."

அவர் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

என் வேலை அதுதான். கம்ப்யூட்டரில் செய்கிற டிரம்ஸில் ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில், ஒரே சத்தத்தில், திரையில் போட்டிருக்கும் கோட்டின் மேலேயே துல்லியமாக விழும். மனிதக் கை அப்படி அடிக்காது. ஒரு அடி ஓங்கி விழும், அடுத்தது சோம்பலாக விழும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பெரிய அடிகளுக்கு நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்ன அடிகள் இருக்கும். அந்தக் குறைகளை எல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கையால் செய்து சேர்ப்பேன். அப்போதுதான் கேட்கிறவன் கால் தானாக ஆடும்.

இந்த வித்தையை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. என் அண்ணன் வாசித்ததைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டே வளர்ந்தவள் நான். அவன் டிரம்ஸ் வாசிப்பவன். சாப்பிடும் தட்டு, பஸ் கம்பி, என் தலை, எதையும் விடமாட்டான். எனக்கு ஆறு வயதில், அவன் துரத்திக்கொண்டு வர, நான் அறைக்குள் ஓடிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அவனுடைய இடது கை மோதிர விரல் நடுவே மாட்டி ஒடிந்தது. கோணலாகத்தான் சேர்ந்தது. அதிலிருந்து அவன் இடது கை அடி எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாக விழும். வாசிக்க உட்காரும் முன் அந்த விரலில் தைலம் தேய்த்துக்கொள்வான். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. "குட்டி, நீ ஒடிச்சதாலதான் எனக்கு இந்த ஸ்டைலே வந்தது," என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கிடங்கில்தான் அவன் செத்துப்போனான்.

குடித்துவிட்டு விடியற்காலையில் தனியாக வந்தான், டிரம்ஸ் அறைக்குள் போனான், கதவு சாத்திக்கொண்டது, இளைப்பு வந்தது, கையில் இன்ஹேலர் இல்லை. டீஜே சொன்ன கதை இது. அவர் துக்கத்துக்கும் வரவில்லை, இதை ஆள் மூலம் சொல்லி அனுப்பியதோடு சரி. அண்ணன் அதற்கு முன் குடித்துக்கொண்டிருந்தவன்தான், ஆனால் விட்டுவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தான். சத்தியத்தை மீறிச் செத்தவன் என்று அம்மா அவன் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். அவன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். டீஜே என்னைப் பார்த்ததே இல்லை. அவர் என்னை வேலைக்குக் கூப்பிட்டபோது யாருடைய தங்கை என்று நான் சொல்லவில்லை. அவன் எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டும். அதற்காக மட்டும்தான் வந்தேன்.

டீஜே இடத்தைச் சுற்றிக் காட்டினார். நடைவழியின் கடைசியில் டிரம்ஸ் அறை. கிடங்குக் காலத்துக் கதவு, ஒரு சாண் கனம், இரும்பு. வெளிப்பக்கம் நீளமான கைப்பிடி. உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது, அதைத் துணி வைத்து அடைத்திருந்தார்கள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தரையில் ஒரு மரக்கட்டை. கதவின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: 'உள்ளே ஆள் இருந்தால் வெளியே ஆள் இருக்கணும்.'

"சத்தம் வெளியே போகவே போகாது," என்றார் பெருமையாக. "உள்ள குண்டு வெடிச்சாலும் இங்க ஒண்ணும் தெரியாது."

"மைக் இருந்தா தெரியுமே," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு காபி வேண்டுமா என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் அவருடைய புதுப் பாட்டில் வேலை செய்தேன். அடிகளை ஏற்றி இறக்கினேன், முன்னே பின்னே நகர்த்தினேன். அவர் பின்னால் சோபாவில் கிடந்தபடி, "ம்ஹும். இன்னும் மெஷின் மாதிரியேதான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"உங்க பழைய ஹிட் பாட்டுல ஒரு அடி வருமே. கட்டையில தட்டின மாதிரி. அது மெஷின் இல்லையே?"

அவர் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார்.

"அது நானே கையால தட்டினது," என்றார். "வேணும்னா அதையே எடுத்துப் போடுங்க. பழைய ஃபைல் அங்கதான் இருக்கு." அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் முக்கால் மணி நேரம் திரும்பி வரவில்லை.

இரண்டு வருடங்களாக நான் அந்தப் பாட்டைத் தவிர்த்து வந்தேன். ஜிம்மில், டாக்ஸியில், பக்கத்து வீட்டில் என்று எங்கே போட்டாலும் எழுந்து போய்விடுவேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பழைய ஃபைலைத் திறந்தேன். அந்த அடிகள் ஆறு சின்னத் துண்டுகளாக இருந்தன, ஒவ்வொன்றும் அரை விநாடிகூட இல்லை. ஃபைலின் தேதியைப் பார்த்தேன்.

அண்ணன் செத்த தேதி.

நேரம், காலை பதினொன்று நாற்பது. விடியற்காலையில் யாரும் இல்லாதபோது செத்தவன் என்று சொன்னார்களே, அதே நாள்.

வேலை செய்து பழகின கைகள் தானாகவே துண்டுகளை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் சரியாகக் கோட்டின் மேல். ஓடவிட்டேன்.

இரண்டாவது அடி தாமதமாக விழுந்தது.

நிறுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டு கோட்டின் மேலேயேதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டேன். ஒன்று சரியாக விழுந்தது, இரண்டாவது ஒரு மயிரிழை தாமதமாக. மூன்று சரியாக. நான்கு, மயிரிழை தாமதம்.

வலது கை. இடது கை. வலது கை. இடது கை.

அப்போது மீன் வாடைக்கு மேலே வேறொரு வாசனை வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மிகப் பக்கத்தில்.

தைலம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்து என்று சொல்லமாட்டேன். திரும்பினால் அது போய்விடுமோ என்று இருந்தது.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு ரெக்கார்டிங்கை வெட்டிச் சின்னத் துண்டாக்கினால், மிச்சம் அழிந்துபோவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துதான் இருக்கும். துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால், முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் வெளியே வந்துவிடும். அழிக்க வேண்டுமென்றால் தனியாக அழிக்க வேண்டும். டீஜே வெட்டினார், அழிக்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

நான் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். துண்டு நீண்டது. நீண்டுகொண்டே போனது. முப்பத்தொரு நிமிடம். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதலில் டிரம்ஸ். பிறகு நின்றது. அண்ணன் குரல்: "இதுக்கு மேல வாசிக்கணும்னா பாட்டுல என் பேரு இருக்கணும் டீஜே. இல்லைன்னா நான் கிளம்புறேன்." தெளிவான குரல். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. குடித்தவன் குரல் எனக்குத் தெரியும்.

கனமான கதவு சாத்துகிற சத்தம்.

"டீஜே? விளையாடாதீங்க. கதவைத் தொறங்க."

அறைக்குள் இருந்த ஸ்பீக்கர் வழியே டீஜேயின் குரல் கேட்டது. சிரிப்போடு. "கோபம் அடங்குற வரைக்கும் உள்ளயே இரு."

தட்டும் சத்தம். வலது, இடது. வலது, இடது.

"டீஜே, இன்ஹேலர் வெளிய டேபிள்ல இருக்கு. மூச்சு வாங்குது. நிஜமாத்தான்."

"அட, நல்லா இருக்கே! அப்படியே தட்டு. இன்னும் நல்லா தட்டு."

தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். டீஜேயின் குரல் அதன் பிறகு வரவேயில்லை. எழுந்து எங்கேயோ போயிருக்க வேண்டும். தட்டுகள் மெல்லத் தரையை நோக்கி இறங்கின. கடைசிப் பத்து நிமிடம் விசில் மாதிரி ஒரு மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை. ரெக்கார்டிங் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஊரே இரண்டு வருடமாக என் அண்ணன் மூச்சுக்குத் தவித்துக் கதவைத் தட்டிய தட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்துகொண்டது. துண்டைப் பழையபடி சின்னதாக்கினேன். டீஜே உள்ளே வந்தபோது அந்த ஆறு அடிகளும் அவர் புதுப் பாட்டில் இருந்தன.

"இதுதான்!" என்று துள்ளினார். "இப்பதான் உயிர் வந்திருக்கு! என்ன பண்ணீங்க?"

"இன்னும் ஒண்ணு பண்ணணும். அறையோட காத்து வேணும்," என்றேன். "டிரம்ஸ் ரூம்ல ஒரு ஸ்பீக்கர் வெச்சு இதை உள்ளயே ஓடவிடுவோம். அந்த எதிரொலியை மைக்ல பிடிச்சு இதோட சேர்த்தா, ஆள் பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும்."

அது பொய்யில்லை. எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிற வேலைதான். அந்த அறைக்குள் அவரை நிறுத்தி, அந்தத் தட்டுகளைக் கேட்க வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

"மைக்கை நான் வெச்சுட்டு வர்றேன்," என்று அவரே கிளம்பினார். "கட்டையை மட்டும் தட்டிவிட்டுடாதீங்க."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துதான் இருந்தேன். மைக் வழியாக அவர் நடப்பது, தும்முவது, ஒயரை இழுப்பது எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. நான் பாட்டை ஓடவிட்டேன்.

தைல வாசனை என் பின்னாலிருந்து நகர்ந்தது. நடைவழிப் பக்கம் போனது.

மரக்கட்டை தரையில் உராயும் சத்தம்.

பிறகு கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, யாரோ தூங்குகிற குழந்தையின் அறையைச் சாத்துவது போல.

"ஏங்க?" டீஜேயின் குரல். "கதவு சாத்திக்கிச்சு. வந்து தொறங்க."

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டினார். தாறுமாறாக, தாளம் இல்லாமல். ஆயிரம் பேரை ஆட வைத்த ஆளுக்குக் கதவு தட்டத் தெரியவில்லை. நான் பாட்டை நிறுத்தினேன்.

தட்டு நிற்கவில்லை.

அவருடைய தட்டுகளுக்கு நடுவே வேறு தட்டுகள் கேட்டன. நிதானமாக. வலது. இடது, ஒரு மயிரிழை தாமதமாக.

அவை கதவுக்கு உள்பக்கமிருந்து வந்தன.

"யாரு?" டீஜே கிசுகிசுத்தார். "யாருடா அது உள்ள?"

நான் எழுந்து ஓடினேன். இதையும் நம்புங்கள். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்ததும் கை முழுக்கத் தைலம் ஒட்டியது. இரும்பு வழியாகத் தட்டுகள் என் உள்ளங்கையில் ஏறின. மேலே இரண்டு கைகள் அடித்துக்கொண்டு கிடந்தன. கீழே, என் இடுப்பு உயரத்தில், ஒடிந்து கோணலாகச் சேர்ந்த விரலோடு ஒரு கை. அது திறக்கச் சொல்லித் தட்டவில்லை. எனக்கு அவனைத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து அறையிலிருந்து சுவரில் எனக்காகத் தட்டுவான், நான் இருக்கேன், பயப்படாம தூங்கு என்று, அதே தட்டு.

ஒரு இழு இழுத்தால் கதவு திறந்துவிடும்.

நான் கையை எடுத்தேன்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவதற்கான பட்டனை அழுத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"நல்லா இருக்கு டீஜே. அப்படியே தட்டுங்க. இன்னும் நல்லா தட்டுங்க."

அவருடைய தட்டு சட்டென்று நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

முப்பத்தொரு நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறந்தேன். கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தபடியே செத்திருந்தவர் என் காலடியில் சரிந்தார். வாழ்நாளில் இளைப்பே வராத ஆளுக்கு மூச்சுக்குழல் இறுகிப்போயிருந்ததாக டாக்டர் சொன்னார். இடது கை மோதிர விரல் ஒடிந்திருந்தது. கதவில் மாட்டினது போல என்றார். மாட்டுவதற்கு அந்தக் கதவில் உள்பக்கம் இடமே இல்லை. ஹெட்போன் மாட்டியிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். நம்பினார்கள். எங்களையும் ஒரு கதை சொல்லி நம்ப வைத்தார்களே, அப்படித்தான்.

பழைய ரெக்கார்டிங்கை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்தால் கேள்வி என் பக்கமும் திரும்பும். அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டினேன், கதவு சாத்துவதற்கு முன் அவன் பேசின அந்த ஒரு வாக்கியத்தை மட்டும். அம்மா மூன்று தடவை கேட்டாள். "குடிக்கலடி," என்றாள். "எம்புள்ள குடிக்கல." பிறகு அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்து, முந்தானையால் துடைத்து, அதே பழைய ஆணியில் மாட்டினாள். அதற்காக என்னை எந்த நரகத்தில் போட்டாலும் சரி.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது.

போன வாரம் வேறொரு ஸ்டூடியோவில், வேறு யாருடைய பாட்டுக்கோ வேலை செய்துகொண்டிருந்தேன். பட்டப்பகல், பெரிய ஜன்னல், வெளியே குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் அடி ஒன்று தாமதமாக விழுந்தது போலத் தோன்றியது. நான் நகர்த்தவில்லை. கால் விநாடி நீளமுள்ள, எந்த மனிதனும் வாசிக்காத, கம்ப்யூட்டரே உண்டாக்கிய சத்தம். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்க எதுவும் கிடையாது.

கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

நீண்டது.

திரையின் ஓரம் வரை வந்தது. தள்ளித் தள்ளி இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. முப்பத்தொரு நிமிடம் தாண்டியது, ஒரு நாள் தாண்டியது, நான்கு மாதத்தைத் தொட்டும் நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி ஓரம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.

தாறுமாறாக ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். குரல் தேய்ந்து, விசில் போல, "தொறங்க... யாராவது தொறங்க..." என்று கேட்டது. அவருக்குப் பக்கத்தில் நிதானமாக இன்னொரு கை தாளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வலது. இடது, ஒரு மயிரிழை தாமதமாக.

ஜன்னல் திறந்திருந்த அந்த அறையில் தைல வாசனை நிறைந்தது. மைக்குக்கு மிக அருகே வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என் அண்ணன் சொன்னான்:

"குட்டி, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. கதவை மட்டும் தொறந்துடாத."